வாஷிங்டன் என்னும் குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் என்றதும் ஒரு தலைநகரமும் ஒரு ஜனாதிபதியும் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் வட இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில் பிறந்தது. அங்கிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும், கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும், ஆப்பிரிக்கக் கரைக்கும் போனது. இந்தப் பெயரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் மாளிகைகளிலும் குலச் சின்னங்களிலும் நின்றுவிடுகிறார்கள். இன்று இந்தப் பெயரைத் தாங்கி வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர்கள் அந்த மாளிகைகளுக்குள் உரிமையோடு கால் வைத்ததே இல்லை. அவர்கள் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழுக் கதை. அதனால் இங்கே அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வாஷிங்டன் முதலில் ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?

ஊர்ப் பெயர்தான். வடகிழக்கு இங்கிலாந்தில், பழைய டர்ஹாம் கவுண்டியில், வியர் ஆற்றுக்கு அருகே வாஷிங்டன் என்ற ஊர் இருக்கிறது. இப்போது அது டைன் அண்ட் வியர் பகுதியில் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கத் தலைநகரம் உருவாவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்த ஊர் ஆவணத்தில் வந்துவிட்டது.

துணி துவைக்கிற வேலைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. ஒலி ஒத்துப்போவதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'இங்' என்ற பகுதி ஒருவரின் கூட்டத்தாரை, அவர் வழிவந்தவர்களைக் குறிக்கும். கடைசியில் வரும் 'டன்' என்பது வேலி போட்ட பண்ணை, குடியிருப்பு, சிற்றூர் என்ற பொருள் உடையது. முன்னால் இருப்பது ஓர் ஆளின் பெயர். வாசா, ஹ்வாசா போன்ற ஒலியுடைய பழைய சாக்சன் பெயர் அது. ஆக, 'வாசாவின் ஆட்கள் குடியிருந்த ஊர்' என்று பொருள் கொள்ளலாம். லண்டனில் இருக்கும் பாடிங்டனும் இதே வார்ப்புதான். அது பாடா என்பவரின் கூட்டத்தார் வாழ்ந்த இடம்.

ஊர்ப் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராக எப்படி மாறியது?

இதற்கு அபூர்வமாக ஒரு தெளிவான ஆவணம் இருக்கிறது. 1183-இல் டர்ஹாம் ஆயர் ஹியூ டி பூசே, தன் ஆளுகையில் இருந்த நிலங்களையும் அவற்றிலிருந்து வரவேண்டிய வரி, வேலை எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதச் செய்தார். போல்டன் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவரின் பெயர் வருகிறது. தன்னிடம் இருந்த ஹெர்ட்பர்னைக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக வாஷிங்டனை அவர் வாங்கிக்கொண்டார். தேவாலயமும் அதன் நிலமும் மட்டும் அதில் சேராது. ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும். ஆயர் பெரிய வேட்டைக்குப் போகும்போது நான்கு வேட்டை நாய்களோடு கூடப் போக வேண்டும்.

'வில்லியம் டி ஹெர்ட்பர்ன்' என்றால் ஹெர்ட்பர்ன்காரர் வில்லியம். ஊர் மாறியதும் பெயரும் மாறியது. வில்லியம் டி வெசிங்டன் ஆனார். அந்த நிலப் பரிமாற்றம் நடந்திருக்காவிட்டால் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் ஹெர்ட்பர்னாக இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர் என்பதே புதிது. 1066-இல் நார்மன்கள் வந்தபின் நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்களில் அந்த வழக்கம் பரவத் தொடங்கியது. நிலத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உரிமை கோர ஒரு நிலையான பெயர் தேவைப்பட்டது. சாதாரண மக்கள் வரை அது வந்து சேர 1400 வாக்கில் ஆகிவிட்டது. சிலருக்குத் தொழில் பெயரானது, சிலருக்கு அப்பாவின் பெயர், சிலருக்குப் பட்டப்பெயர். ஊர்ப் பெயர் பெரும்பாலும் அந்த ஊரை ஆண்டவருக்கும், அந்த ஊரை விட்டுப் போனவருக்கும்தான் ஒட்டியது. ஊருக்குள்ளேயே இருக்கிறவரை ஊர்ப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், இல்லையா? எல்லாருமே அந்த ஊர்தானே.

அப்படியானால் இங்கிலாந்தில் இருந்த வாஷிங்டன்கள் எல்லாரும் வில்லியமின் வாரிசுகளா?

இல்லை. தெற்கே சசெக்ஸிலும் வாஷிங்டன் என்றே ஒரு ஊர் உண்டு. அங்கிருந்து வெளியேறியவர்களும் அதே பெயரைப் பெற்றிருக்கலாம். டர்ஹாம் வாஷிங்டனிலிருந்து கிளம்பிய ஒரு சாதாரண உழவரும் அடுத்த ஊரில் 'வாஷிங்டன்காரர்' ஆகியிருக்கலாம். ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ரத்த உறவு என்று சொல்லிவிட முடியாது. இதை ஆரம்பத்திலேயே மனதில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தீரும்.

எழுத்துமுறை எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

வெசிங்டன், வாசிங்டன், வெஷிங்டன் என்று எழுதுகிறவரின் காதுக்குக் கேட்டபடி மாறி மாறி வரும். 1416 முதல் 1446 வரை டர்ஹாம் பேராலய மடத்தின் தலைவராக இருந்த ஜான் என்பவரை வெசிங்டன் என்றே இன்றும் எழுதுகிறார்கள். நீங்கள் பழைய ஆவணங்களில் தேடினால் எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

வடக்கிலிருந்து தெற்கே எப்படி வந்தார்கள்?

குடும்பத்தின் கிளைகள் மேற்கே வெஸ்ட்மோர்லாந்து, லங்காஷயர் பக்கம் பரவின. லங்காஷயரில் வார்ட்டன் என்ற ஊரில் ஒரு கிளை நிலைத்தது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியான நார்தாம்ப்டனுக்கு வந்தார். கம்பளி வியாபாரம். அக்கால இங்கிலாந்தின் செல்வமே ஆட்டின் முதுகில்தான் இருந்தது. லாரன்ஸ் நன்றாகச் சம்பாதித்தார். 1532-இலும் 1545-இலும் நார்தாம்ப்டனின் மேயராக இருந்தார்.

இரண்டு மேயர் பதவிகளுக்கும் நடுவில்தான் முக்கியமான காரியம் நடந்தது. எட்டாம் ஹென்றி கத்தோலிக்க மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களைப் பறிமுதல் செய்தார். கையில் பணம் இருந்த வியாபாரிகளுக்கு அது பொற்காலம். நார்தாம்ப்டனின் புனித ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாக இருந்த சல்கிரேவ் நிலத்தை 1539-இல் லாரன்ஸ் அரசிடமிருந்து வாங்கி, அங்கே ஒரு மாளிகை கட்டினார்.

ஆனால் செல்வம் மூன்று தலைமுறைக்கு மேல் தாங்கவில்லை. 1610-இல் அவருடைய மகன் ராபர்ட் சல்கிரேவை உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ராபர்ட்டின் மகன், இன்னொரு லாரன்ஸ், பிரிங்டன் என்ற ஊருக்கு நகர்ந்து 1616-இல் இறந்தார். (இந்தக் குடும்பத்தில் லாரன்ஸ்களும் ஜான்களும் ராபர்ட்களும் திரும்பத் திரும்ப வருவார்கள். பெயரோடு ஆண்டையும் குறித்துவைக்காமல் இந்த வம்சாவளியைத் தொடர முடியாது.)

அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் பட்டையும் இந்தக் குடும்பச் சின்னத்திலிருந்து வந்ததுதானா?

குடும்பச் சின்னத்தில் வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் அவற்றுக்கு மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் உண்டு. யார்க்ஷயரில் செல்பி மடாலயத்தின் பழைய கண்ணாடி ஜன்னல் ஒன்றில் அதைப் பார்க்கலாம். 1938-இல் வாஷிங்டன் டி.சி. தலைநகரப் பகுதி ஏற்றுக்கொண்ட கொடி அப்படியே இந்தச் சின்னம்தான். நாட்டின் தேசியக் கொடியும் இதிலிருந்து வந்தது என்பது கேட்க இனிமையான கதை. அதற்கு ஆதாரம் கிடையாது.

கடல் கடந்து போனவர் யார்? ஏன் போனார்?

ஜான் வாஷிங்டன். அவருடைய தந்தையின் வீழ்ச்சியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

பிரிங்டன் லாரன்ஸின் மகனும் லாரன்ஸ்தான். 1602-இல் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்னோஸ் கல்லூரியில் படித்து அங்கேயே பணியாற்றினார். பிறகு 1632-இல் எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் பங்குப் பாதிரியார் ஆனார். நல்ல வருமானம் தரும் பதவி. பத்தாண்டுக்குள் உள்நாட்டுப் போர் வெடித்தது. அரசர் ஒரு பக்கம், நாடாளுமன்றமும் பியூரிட்டன்கள் என்ற கடுமையான புராட்டஸ்டன்ட் பிரிவினரும் மறுபக்கம். 1643-இல் நாடாளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சாராயக் கடையே கதியாகக் கிடக்கிறார், மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. அரசர் பக்கம் சாய்ந்த பாதிரியார்கள்மேல் அந்த நாட்களில் இப்படிப்பட்ட குற்றச்சாட்டுகள் வரிசையாக எழுந்தன. இதை அப்படியே நம்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு சின்ன ஏழைப் பங்கில் காலம் தள்ளி, 1653-இல் இறந்து மால்டனில் அடக்கமானார்.

மூத்த மகன் ஜானுக்குச் சொத்தும் இல்லை, தந்தையின் செல்வாக்கும் இல்லை. லண்டன் புகையிலை வியாபாரத்தில் நுழைந்தார். 1656-இல் எட்வர்ட் பிரெஸ்காட் என்ற வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து 'சீ ஹார்ஸ்' என்ற கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரியாக வர்ஜீனியா புறப்பட்டார். புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் திட்டம். 1657 தொடக்கத்தில் பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. அதை மீண்டும் மிதக்கவிட உழைத்த காலத்தில் ஜான் அந்தப் பக்கத்துப் பண்ணையாளர்களோடு பழகினார். நதானியேல் போப் என்ற நிலக்கிழாரின் மகள் ஆன்னை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். கப்பல் திரும்பிப் போனது, மாப்பிள்ளை போகவில்லை.

அப்புறம் நிலம் நிலமாகச் சேர்த்தார். இங்கிலாந்திலிருந்து ஓர் ஆளைக் கப்பலில் அழைத்துவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்று வர்ஜீனியாவில் ஒரு முறை இருந்தது. கூலிக்கு ஒப்பந்தமாகி வந்த ஏழைகளின் தலையை எண்ணிப் பணக்காரர்கள் நிலம் பெற்றார்கள். ஜானும் அப்படித்தான் வளர்ந்தார். படைத் தலைவர் ஆனார். குடியேற்ற அவையில் உறுப்பினர் ஆனார். 1675-இல் சஸ்குவெஹனாக் பூர்வகுடிகளின் கோட்டையை முற்றுகையிட்டபோது, பேச்சுவார்த்தைக்கு வெளியே வந்த தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படையின் தலைவர்களில் ஜானும் ஒருவர். 'ஊர்களை விழுங்குகிறவன்' என்ற பொருளில் பூர்வகுடிகள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 1753-இல் அவருடைய கொள்ளுப்பேரனைப் பார்த்தபோது அதே பெயரால் அவரையும் அழைத்தார்கள். அந்தக் கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தன் குடும்பப் பெயரின் வரலாறு தெரியுமா?

அதிகம் தெரியாது. ஜனாதிபதியாக இருந்தபோது, லண்டனில் குலச் சின்னங்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் தலைவர் சர் ஐசக் ஹெர்ட் அவருடைய வம்சாவளியைக் கேட்டு எழுதினார். ஜார்ஜ் 1792 மே மாதம் பதில் போட்டார். இந்த விஷயத்தில் நான் அவ்வளவாகக் கவனம் செலுத்தியதில்லை, முன்னோர் இங்கிலாந்தின் வட பகுதியிலிருந்து வந்தவர்கள், லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கேயா என்று சரியாக நினைவில்லை என்பது அதன் சாரம். பெயருக்காக இப்போது எத்தனையோ பேர் ஆவணக் காப்பகங்களில் தவம் கிடக்கிறார்கள். பெயருக்குரியவர் நினைவிலிருந்து மூன்று கவுண்டிகளைச் சொல்லி முடித்துக்கொண்டார்.

அவருடைய நேரடி வாரிசுகள் இப்போது இருக்கிறார்களா?

அவருக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. மனைவி மார்த்தாவுக்கு முதல் திருமணத்தில் பிறந்த குழந்தைகளை வளர்த்தார். அவர்கள் கஸ்டிஸ் குடும்பம். ஜார்ஜின் சகோதரர்கள் வழியில்தான் குடும்பம் தொடர்ந்தது. தம்பி சாமுவேல் வழியில் வந்த ஒருவரின் மரபணுவைக் கொண்டு, சாமுவேலின் பேரன்கள் இருவரின் எலும்புகளையும் அவர்களுடைய தாயின் எலும்புகளையும் விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட செய்தி 2024-இல் வெளிவந்தது.

இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் பெயர் உள்ளவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். வெள்ளையர் சுமார் 5 சதவீதம்தான். பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களில் வேறு எதிலும் இவ்வளவு உயர்ந்த விகிதம் இல்லை. அடுத்து வரும் ஜெஃபர்சனிலேகூட 75 சதவீதம்தான்.

எல்லாரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சமா?

அப்படி இருக்க வாய்ப்பில்லை. எண்ணிக்கையைப் பாருங்கள். ஜார்ஜ் இறந்த 1799-இல் வர்ஜீனியாவில் இருந்த அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். அதில் அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். மற்றவர்களில் பெரும்பகுதி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து. மீதிப் பேர் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். தன் உடைமையாக இருந்தவர்களை மனைவிக்குப் பின் விடுதலை செய்ய வேண்டும் என்று ஜார்ஜ் உயில் எழுதினார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ஆம் தேதியே அவர்களை விடுவித்தார். கஸ்டிஸ் சொத்தாக இருந்தவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. கணவன் ஒரு கணக்கிலும் மனைவி இன்னொரு கணக்கிலும் இருந்த குடும்பங்கள் அந்த நாளில் பிரிந்தன.

அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் பண்ணையில் இருந்தவர்களிலேயே பலர் வாஷிங்டன் என்ற பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ஜார்ஜுக்குப் போர்க்களத்தில் எப்போதும் பக்கத்திலேயே இருந்த பணியாளர் வில்லியம் லீ. முன்பு லீ குடும்பத்தாரிடமிருந்து வாங்கப்பட்டவர். வாங்கியவர் பெயரை ஏற்காமல் லீ என்ற பெயரையே கடைசிவரை வைத்துக்கொண்டார். ஜார்ஜின் உயிலிலேயே 'தன்னை வில்லியம் லீ என்று சொல்லிக்கொள்ளும் வில்லியம்' என்றுதான் வரும். உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் பெற்றவர் அவர் ஒருவர்தான். 'சொல்லிக்கொள்ளும்' என்ற அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ முறை திரும்பப் படித்திருக்கிறேன். அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று எஜமான்கள் நினைத்தார்கள். அவரோ சொல்லிக்கொண்டே இருந்தார், உயிலும் அதை எழுத வேண்டி வந்தது.

1796-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜனாதிபதி வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போன ஓனா ஜட்ஜும் அப்படித்தான். அவருடைய பெயர் தந்தை ஆண்ட்ரூ ஜட்ஜிடமிருந்து வந்தது. அவர் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த தையல்காரர்.

பின் ஏன் இத்தனை பேர் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற நாற்பது லட்சம் பேருக்குப் பள்ளியில், திருமணப் பதிவில், கூலி ஒப்பந்தத்தில், வாக்காளர் பட்டியலில் எழுத ஒரு முழுப் பெயர் வேண்டியிருந்தது. பலரிடம் தங்களுக்குள் வழங்கிய குடும்பப் பெயர் ஏற்கெனவே இருந்தது, வெள்ளையரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். சிலர் பழைய எஜமான் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட உறவுகள் தேடி வந்தால் அந்தப் பெயரைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். இன்னும் சிலர் புதிதாக, தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கு மிகச் சிறந்த சாட்சி புக்கர் டி. வாஷிங்டன். 1856 வாக்கில் வர்ஜீனியாவில் பரோஸ் என்பவரின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். பிறகு 1881-இல் அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரானவர். விடுதலைக்குப் பின் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டனுக்குப் போனது. அங்கே பள்ளியில் முதல்முறை உட்கார்ந்தபோது ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவருக்கோ புக்கர் என்ற ஒன்றுதான். முறை நெருங்க நெருங்கப் பையனுக்கு உள்ளுக்குள் பதைப்பு. ஆசிரியர் முழுப் பெயர் கேட்டபோது, பிறந்ததிலிருந்தே அப்படி அழைக்கப்பட்டவன் போல அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டார். வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர் வாஷிங்டன். தாய் தன் மகனுக்கு டாலியாஃபெரோ என்றும் ஒரு பெயர் வைத்திருந்தது புக்கருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். அந்த 'டி' அதுதான்.

விடுதலை பெற்றவர்கள் இரண்டு காரியங்களில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள் என்று அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சில நாட்களாவது பழைய பண்ணையை விட்டு வெளியே போய் வர வேண்டும். அப்போதுதான் விடுதலை மெய் என்று மனம் நம்பும். ஹாட்சர் என்ற எஜமானின் பெயரால் 'ஹாட்சரின் ஜான்' என்று அறியப்பட்டவர் ஜான் எஸ். லிங்கன் ஆவார். அந்த 'எஸ்' எந்தப் பெயரின் முதல் எழுத்தும் கிடையாது. ஓர் இனிஷியல் இருப்பதே ஓர் உரிமை என்று பெருமையோடு வைத்துக்கொண்டார்கள்.

வாஷிங்டனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஜார்ஜின் புகழால் நாடு முழுக்க வெள்ளையரும் கறுப்பரும் பிள்ளைகளுக்கு வாஷிங்டன் என்று முதல் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பெயர் கொண்ட தந்தையின் பிள்ளைகள் அதையே குடும்பப் பெயராக்கிக்கொள்வது இயல்பாக நடந்தது. புக்கரின் வீட்டில் நடந்ததும் அதுதான்.

மவுண்ட் வெர்னனிலிருந்து வாஷிங்டன் என்ற பெயரோடு வெளியேறியவர் எவருமே இல்லையா?

ஒருவர் இருக்கிறார். ஹாரி வாஷிங்டன். இந்தப் பெயர் தாங்கிய எல்லாரிலும் அதிக தூரம் பயணம் செய்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுப் பகுதியில் 1740 வாக்கில் பிறந்தார். பிடித்து விற்கப்பட்டு வர்ஜீனியா வந்தார். 1763-இல் ஜார்ஜ் அவரை வாங்கி, சதுப்பு நிலத்தை வடிக்கும் கடும் வேலைக்கு அனுப்பினார். பிறகு மவுண்ட் வெர்னனில் குதிரை லாயத்தில் வேலை. 1771-இல் தப்பினார், பிடிபட்டார். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு விட்டார். கலகக்காரர்களின் அடிமைகள் அரசரின் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை. 1776-இல் ஹாரி மறுபடி ஓடினார். இந்த முறை யாராலும் பிடிக்க முடியவில்லை. எஜமான் விடுதலைக்காக ஒரு பக்கம் படை நடத்த, ஹாரி தன் விடுதலைக்காக எதிர்ப் படையில் 'கறுப்பு முன்னோடிகள்' என்ற பிரிவில் கார்ப்பரலாக உழைத்தார்.

பிரிட்டன் தோற்றது. 1783-இல் நியூயார்க்கிலிருந்து வெளியேறும்போது, தங்களோடு வரும் சுமார் 3,000 கறுப்பின மக்களின் பெயர்களை பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு பேரேட்டில் எழுதினார்கள். அதில் ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்தவர் என்று பதிவாகியிருக்கிறது.

கப்பல் அவரை நோவா ஸ்கோஷியாவில், பர்ச்டவுன் பக்கம் இறக்கியது. குளிரும் பாறையும் பசியும்தான் மிச்சம். 1792-இல் பதினைந்து கப்பல்களில் ஏறக்குறைய 1,200 பேர் சியரா லியோனுக்குப் புறப்பட்டார்கள். ஃப்ரீடவுன் நகரை எழுப்பியவர்கள் அவர்கள்தான். மனைவி ஜென்னியோடு ஹாரியும் போனார். பிடித்துக்கொண்டு போன கண்டத்துக்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் சுதந்திர மனிதராகத் திரும்பி வந்தார்.

கதை அங்கே இனிதாக முடியவில்லை. அந்தக் குடியேற்றத்தை நிர்வகித்த சியரா லியோன் கம்பெனி குடியேறியவர்களின் நிலத்துக்கு வரி கேட்டது. தங்களுக்கு வாக்குக் கொடுத்தது அதுவல்ல என்று 1800-இல் அவர்கள் எழுந்தார்கள். கலகத்தில் சேர்ந்த ஹாரி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புல்லம் கரைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே நாடு கடத்தப்பட்டவர்கள் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வரிக்கு எதிராகக் கலகம் செய்த வாஷிங்டன் என்று ஒருவரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இன்னொருவரும் உண்டு.

தெற்கிலிருந்து நாடு முழுக்க இந்தப் பெயர் பரவியது எப்படி?

முதலில் விற்பனையால். ஜார்ஜின் தம்பி மகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராட் வாஷிங்டன், மவுண்ட் வெர்னனைப் பெற்றபின் 1821-இல் 54 பேரை லூசியானாக்காரர்களுக்கு விற்றார். வர்ஜீனியாவிலிருந்து பருத்தி, கரும்பு மாநிலங்களுக்கு இப்படி விற்கப்பட்டவர்கள் கணக்கில் அடங்காதவர்கள்.

அப்புறம் தாங்களே கிளம்பியதால். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். அந்தப் பெயர்ச்சியில் வாஷிங்டன்களும் சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட் என்று சேர்ந்தார்கள். ஹெரால்ட் வாஷிங்டன் 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்த வால்டர் வாஷிங்டன் 1975-இல் தலைநகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராகப் பொறுப்பேற்றார். அடிமையாக இருந்த ஒருவரின் கொள்ளுப்பேரன், வாஷிங்டன் நகரத்துக்கு மேயர் வாஷிங்டன்.

நடிகர் டென்சல் வாஷிங்டன் ஜனாதிபதிக்கு உறவா?

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில். வர்ஜீனியாப் பண்ணையின் பெயரை எடுத்து வைத்த ஊர் அது, அவ்வளவுதான். பாடகி டைனா வாஷிங்டனின் இயற்பெயர் ரூத் ஜோன்ஸ். அது மேடைப் பெயர்.

நம் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு இந்தப் பெயர் எப்படி?

அவருக்கு அது முதல் பெயர். தந்தை சுந்தரின் பெயர்தான் பின்னால் நிற்கிறது. தந்தைக்குச் சிறுவயதில் கிரிக்கெட்டில் அபார ஆர்வம், வீட்டில் வசதி இல்லை. சென்னையில் பக்கத்தில் வாழ்ந்த வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர் பள்ளிக் கட்டணம் கட்டினார், சீருடை வாங்கித் தந்தார், சைக்கிளில் வைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவர் இறந்த 1999-ஆம் ஆண்டிலேயே மகன் பிறந்தான். நன்றிக்கடனாக அந்தப் பெயர். எட்டு நூற்றாண்டுக்கு முன் ஒரு நிலப் பரிமாற்றத்தில் பிறந்த பெயர் திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்த வழி இது.

அந்தப் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றனவா?

டர்ஹாம் வாஷிங்டனில் குடும்பம் வாழ்ந்த இடத்தில் இருக்கும் பழைய மாளிகை, இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட இருந்தது. உள்ளூர்க்காரர்கள் தடுத்தார்கள். இப்போது பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. 1977-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அந்த ஊருக்கு வந்து போனார். சல்கிரேவ் மாளிகை 1921 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது.

என் குடும்பத்தில் இந்தப் பெயர் உண்டு. வேரைத் தேட எங்கே தொடங்குவது?

இங்கிலாந்து வழியென்றால் தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் ஆணை வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு நில ஆவணங்களும் உயில்களும்தான்.

ஆப்பிரிக்க அமெரிக்க வழியென்றால் 1870 கணக்கெடுப்பு. விடுதலை பெற்ற மக்கள் எல்லாரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமான் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். '30, ஆண், கறுப்பு' என்ற ஒரு வரியில் உங்கள் பாட்டனார் இருக்கலாம். அந்தச் சுவரைத் தாண்ட விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகள் உதவும். கணக்குத் தொடங்க வந்தவரிடம் பெற்றோர், உடன்பிறந்தார், மனைவி, மக்கள் பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். பலர் விற்கப்பட்டுப் போன உறவுகளின் பெயர்களையும் சொல்லி எழுதவைத்தார்கள். அதைப் படிக்கும்போது அவசரப்படாதீர்கள். கடைசி எஜமானின் குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள், வில்லியம் லீயை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர்களையும், வயதையும், பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் பாருங்கள். 1870-இல் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் பல நேரம் ஒரே பண்ணையிலிருந்து சேர்ந்தே வந்தவர்கள்.